மேப்புல தோட்டத்தக் காணோம் மச்சான்

மச்சான்,

எப்படி இருக்க, வீட்டுல எல்லாரும் சொகமா? வத்தளைல வெக்க கொல்லும்னு நெனக்கிறேன். இங்க நாலு நாளா மழ, கரண்ட் போறதும் வாறதுமா இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவால்ல, ஆனா பென்ஷன் எடுத்து இத்தன வருசமாகியும் விடியக்காலைல எந்திரிச்சு வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போற மாதிரி உக்காந்துக்குறாங்க.

போன்ல சொன்னேன்ல, நம்ம கேம்பஸ் மலர் புத்தகங்க பழசெல்லாம் சேத்துக்கிட்டு இருக்கேன்னு. கடைசிப் பக்கத்துல படிச்சவங்க பேரும் அட்ரசும் போட்டிருப்பாங்களே, அத எக்செல்ல அடிச்சு, மலையகத் தேயிலத் தோட்டப் பக்கத்துல இருந்து யார் யார் எந்த ஊருலருந்து வந்தாங்கன்னு வருசவாரியா மேப்புல புள்ளி வைக்கலாம்னு எறங்கினேன். ஆச ஆசையா வச்சுப் பாத்தா ஹட்டன்ல ஒரே குவியல், புள்ளி மேல புள்ளி. அடேயப்பா ஹட்டன் டவுன்லருந்து இம்புட்டு பேரான்னு பாத்தா, அதுல நானும் ஒரு புள்ளி! நம்ம தோட்டத்து மேல் டிவிசன், மேல்கணக்குக்கும் டவுனுக்கும் எவ்வளவு தூரம்னு ஒனக்குத் தெரியும், பஸ் இல்லாட்டி ரெண்டு மணி நேர நட. ஆனா நான் எழுதினது வெறும் ஹட்டன். நீ அதுக்கும் மேல, கூசாம கண்டின்னு எழுதி வச்சிருக்க, திருட்டுப்பயலே.

வெக்கம் ஒரு காரணம், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வரிசை வீடா இருக்குற லயத்துக்கு அப்ப நம்பர் எங்க இருந்துச்சு, தோட்டத்துப் பேரப் போட்டா கடுதாசி தோட்டத்து ஆபிசுக்குத்தானே வரும். என் அட்மிஷன் லெட்டர் அப்படித்தான் ஆபிஸ் மேசைல சிட்டைங்களுக்கு அடில பத்து நாளைக்கும் மேல கெடந்துச்சு, கெளாக்கர் ஐயா எதையோ தேடப்போயி கையில பட்டதாலதான் நான் கேம்பஸ் படி ஏறினேன்.

சரின்னு வீட்ட விட்டுட்டு ஏ.எல் பரீட்ச எழுதின ஸ்கூல வச்சு திரும்பப் போட்டேன். இப்பதான் வெளையாட்டே தெரிஞ்சது. சயன்ஸ் இருக்குற 1ஏபி ஸ்கூலச் சுத்தி ஒரு கலர், ஆர்ட்ஸும் கொமர்ஸும் மட்டும் இருக்குற 1சி ஸ்கூலச் சுத்தி வேற கலர், ரெண்டும் பஸ் ரோட்டு ஓரமாவே போகுது. உள்ள இருக்குற தோட்டமெல்லாம் வெள்ளையா கெடக்கு. அங்க படிக்கிற புள்ள இல்லையான்னா இருக்கு, பாதி புள்ளைக்கு சயன்ஸ் படிக்கணும்னா டவுன்ல ரூம் எடுக்கணும், அந்தக் காசுக்கு எங்க போக.

கேம்பஸுக்கு எடுக்குறதுல கோட்டா இருக்கேன்னு நீ சொல்லுவ. 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதுல நுவரெலியாவும் பதுளையும் இருக்கு, எல்லாம் சரி. ஆனா கோட்டா மாவட்டத்துக்குத்தான் மச்சான், தோட்டத்துக்கு இல்ல. மாவட்டத்த ஒரே கலர்ல அடிச்சா டவுன்ல டாக்டர் மகனும் கொழுந்தெடுக்குற அம்மாவோட மகளும் ஒரே பச்சைலதான் தெரியுறாங்க.

அப்புறம் வீட்டு நெலமைய எப்படிக் காட்டுறதுன்னு மண்டையப் போட்டு ஒடச்சேன். வருமானத்த வச்சு கலர் குடுத்தா வருசத்துக்கு வருசம் எல்லாரும் பணக்காரனாகுறான். நாள் சம்பளம் 2021ல 1000 ரூபா, 2024ல 1350, படத்துல அழகா ஏறும், ஆனா நடுவுல 2022ல அரிசியும் மாவும் வித்த வெல அதுல எங்க தெரியும். அதனால ரூபாயத் தூக்கிட்டு, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் போட்டு மூணே கேள்வி கேட்டேன்: அம்மா என்ன வேல, லயமா தனி வீடா, வீட்டுல கேம்பஸ் போன மொத ஆளு நீதானா. பழைய பெட்ச்காரங்க பட்டுன்னு அம்மா கொழுந்து, அப்பா தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துன்னு சொல்லிடுறாங்க. புதுப் புள்ளைங்க கொஞ்சம் யோசிக்குதுங்க. ஒரு தங்கச்சி, அம்மா குவைத்துலன்னு சொல்லிட்டு, அத எந்தக் கட்டத்துலண்ணே போடுவீங்கன்னு என்னையே திருப்பிக் கேட்டுச்சு. என் லிஸ்ட்ல தோட்டம், அரசாங்கம், யாவாரம்னு மூணே கட்டம்தான். நாலாவதா ஒன்னு போட்டேன், இப்ப அதுதான் வேகமா நெறையுது.

இந்த சென்சஸ் கதையும் இப்படித்தான் போல. 2012ல, நம்ம சனத்துக்கு அதுல இருக்குற பேரு இந்தியத் தமிழர், 8 லட்சத்து 39 ஆயிரம்னு வந்துச்சு, நம்ம சனத்துல நெறைய பேரு இலங்கைத் தமிழர்னு பதிஞ்சுட்டாங்கன்னு அப்பவே பேசிக்கிட்டாங்க. நாம ஹட்டன்னு எழுதினவங்க, அவங்கள என்ன சொல்ல.

இப்ப ஒன்கிட்ட வேல ஒன்னு இருக்கு. ஒன் பெட்ச் லிஸ்ட்ல எனக்குத் தெரியாத ஆளு நெறைய. பேருக்கு நேரா தோட்டம், டிவிசன், மேல்கணக்கா கீழ்கணக்கான்னு எழுதி வாட்ஸ்அப்ல போடு, பேரெல்லாம் வெளிய வராது, புள்ளி மட்டும்தான். ஒன் புள்ளிய நான் ஏற்கனவே கண்டிலருந்து பிடுங்கி நம்ம லயத்துக்கே கொண்டாந்துட்டேன், கோவிச்சுக்காத. ஞாயித்துக்கெழம ராவைக்கு எடுக்குறேன், கரண்ட் இருந்தா.

ஒன்,
மேல்கணக்கு கூட்டாளி