பதற்றம் தணியக் கருணைத் தியானம் பழகுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருக்கடியான காலத்தில் தியானம் செய்யச் சொல்வது வயிற்றுப்பாட்டுக்கு அல்லாடுகிறவனைக் கேலி செய்வதற்கு ஒப்பாகும் என்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். கண்ணை மூடி ஊருக்கெல்லாம் நல்லது நினைத்தால் வீட்டு மின்கட்டணம் அடைபட்டுவிடுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அடைபடாது. அந்த மட்டில் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதை அடைக்க வழி தேட வேண்டிய மனிதர் கைகால் நடுங்கி, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தால், இருக்கிற வழியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்தவள் என்ற முறையிலும், 2021ஆம் ஆண்டில் அதே நடுக்கத்தை என் உடலிலேயே கண்டவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்துக்குத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் கேட்டது ஒன்றேதான். "நெஞ்சு படக்குப் படக்குன்னு அடிக்குது மிஸி, ஒரு ஊசி போட்டு விடுங்க." சம்பளப் பிடித்தம் அதிகமான மாதத்திலும், லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வாரத்திலும், பிள்ளையின் பரீட்சை முடிவு வெளிவரும் நாளிலும் அவர்கள் வருவார்கள். இரத்த அழுத்தம் பார்ப்போம், இருதயத் துடிப்பைப் பதிவு செய்வோம், பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். "ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்று அனுப்பி வைப்போம். ஒன்றுமில்லை என்று நாங்கள் சொன்னது தவறு என்பதை இன்று மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். ஆபத்து நெருங்குகிறது என்று மூளை நம்பிவிட்டால், அந்த ஆபத்து எதிரே நிற்கும் பாம்பா, அடுத்த மாத வாடகையா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. அவர்கள் சொன்ன படபடப்பு முழுக்க முழுக்க உண்மையானது.

இந்தச் சுமை குறைந்துவிடவும் இல்லை. சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வுக்கு ஆளான பெரியவர்களின் விகிதம் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023இல் 4.6 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக உயர்ந்திருக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் ஒன்றல்ல என்றாலும் ஒன்றின் பின்னால் மற்றொன்று வருவதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். லயத்தில் வாழ்ந்த நாளில், இரவில் ஒருத்தி அழுதால் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து "என்னடி ஆச்சு?" என்று ஒரு குரல் கேட்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, நம்மவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்த பிறகு சுவர்கள் கல்லாகிவிட்டன. லயத்து வாழ்வின் வறுமையை நான் போற்றவில்லை. அந்தக் குரலை இழந்துவிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

2021 ஜூன் முதல் நாள் கோவிட் பெருந்தொற்றுக்கான முழு முடக்கம் தொடங்கியபோது என் மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். எல்லை மூடப்பட்டது முதல், தனிமைப்படுத்தல் விதிகளாலும் வேலை பறிபோய்விடும் என்ற அச்சத்தாலும் அவன் வீடு திரும்பவில்லை. தரை எல்லை முழுமையாகத் திறந்த 2022 ஏப்ரல் மாதத்தில்தான் அவன் முகத்தை நேரில் கண்டேன். இங்கே அண்டை வீட்டு வாசல்களில் உதவி வேண்டி வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டிருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். சமையலறை வாசற்படியில் அமர்ந்து, அவன் கடைசியாக இணையத்தில் இருந்த நேரத்தைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கைப்பேசியின் வெளிச்சம் அணைந்ததும் நெஞ்சு இறுகும், மறுபடியும் தொட்டு எரிய வைப்பேன். பிறருக்கு ஓய்வெடுக்கச் சொன்ன தாதியால் தன் மூச்சைக் கீழே இறக்க முடியவில்லை.

என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற சீனத் தோழி ஒருவர் அந்நாட்களில்தான் தொலைபேசி வழியாக இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். இது பௌத்த மரபில் வந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து பாலி மொழியில் எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், அன்பைப் பெருக்கும் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும் என்றும், பகையானவரை முதலிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் முறைப்படுத்தியிருக்கிறார். நிமிர்ந்து வசதியாக அமர்ந்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சைச் சற்று நீளமாக்கி (இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு இதனால் தூண்டப்படுகிறது), கையை நெஞ்சில் வைத்து, "என் அச்சம் நீங்கட்டும், என் உடல் நலமாகட்டும், என் மனம் அமைதி கொள்ளட்டும்" என்று உள்ளுக்குள் சொல்ல வேண்டும். பிறகு அதே சொற்களை அன்புக்குரிய ஒருவருக்கும், அதன்பின் நமக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கும், இறுதியில் நம் மனத்தைப் புண்படுத்தியவருக்கும் சொல்ல வேண்டும். துன்பத்தில் இருப்பவரை நினைக்கும்போது, அத்துன்பம் அவரை விட்டு நீங்க வேண்டும் என்ற விருப்பத்தை மனத்தில் நிறுத்துவதே கருணைத் தியானம்.

மகனுக்குச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. ஆயினும் அன்பு நினைப்பு அரை நிமிடத்தில் கவலையாக மாறிவிடும். எனக்குத் திருப்பம் தந்தது மூன்றாவது படி. வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாதவராக யாரை நினைப்பது என்று தேடியபோது, எங்கள் தாமானுக்குக் காய்கறி லோரி ஓட்டி வரும் சீனப் பெரியவர் நினைவுக்கு வந்தார். பதினோர் ஆண்டுகள் அவரிடம் கீரை வாங்கியிருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. ஒரு வாரம் காலையில் அவருக்காக அந்தச் சொற்களைச் சொன்ன பிறகு, லோரி வந்து நின்றபோது முதன்முறையாக அவர் கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி பழுப்பேறி, ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. முகக்கவசத்தோடு வேலியருகே நிற்க வைத்து, உப்பு நீரால் கழுவி, புதிய கட்டுப் போட்டுவிட்டேன். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடமும் என் நெஞ்சு இறுகவில்லை என்பது அவர் லோரியைக் கிளப்பிச் சென்ற பிறகே எனக்குப் புரிந்தது. காயம் அன்று தோன்றியதல்ல. அதைக் காணும் இடம் என் மனத்தில் இல்லாதிருந்தது.

இங்கே சக தாதியருக்கும், நோயுற்ற பெற்றோரைப் பேணுவோருக்கும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 31 ஆண்டுகளாக நோயாளியின் வலியை என் வலியாக்கி வீட்டுக்குச் சுமந்து வருவதே கருணை என்று நம்பியிருந்தேன். மூளை ஆய்வாளர்களான டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் வலியைச் சுமப்பதையும் கருணையையும் பிரித்துக் காட்டுகிறது. பிறர் படும் துன்பத்தைத் தாமே படுவதுபோல் உணர்வதற்குப் பயிற்சி பெற்றவர்கள், துயரக் காட்சிகளைக் கண்டபோது முன்னைவிட அதிகமாகக் கலங்கினார்கள். அவர்களுக்கே பிறகு கருணைப் பயிற்சி அளிக்கப்பட்டபோது அந்தக் கலக்கம் குறைந்து, நல்லுணர்வு பெருகியது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. வலியை உள்ளே வாங்கி அடைத்து வைப்பது ஒன்று, அந்த வலி நீங்க வேண்டும் என்று நோயாளியின் பக்கம் கனிவோடு திரும்புவது மற்றொன்று. முன்னது நம்மை எரித்துத் தீர்த்துவிடுகிறது. என் இளமையிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால், பணி முடிந்து வந்து என் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்த மாலைகள் பல குறைந்திருக்கும்.

இது பிற சமயத்தாருடையது, நமக்கெதற்கு என்று தயங்குவோரும் உள்ளனர். உறவின்பால் சுரக்கும் அன்புக்கு 8ஆம் அதிகாரத்தையும், எல்லா உயிர்கள்மீதும் விரியும் அருளுக்கு 25ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கியவர் வள்ளுவர். 1867இல் வள்ளலார் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தோருக்காக எரிகிறது. ஜீவகாருண்யம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் விளக்கம் தேவையில்லை.

தாதியாக ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும் தியானத்தில் அமராதீர்கள், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொடிய அனுபவங்களைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடினால் பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே பழகலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் வேளையில் தனித்திருக்காமல் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, மனம் தளர்ந்தோருக்குச் செவிசாய்க்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உதவி கேட்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

பணப் பிரச்சினைக்குப் பணம்தான் தீர்வு. சம்பளத்துக்கும் வீட்டுரிமைக்கும் போராட வேண்டிய இடத்தில் போராடத்தான் வேண்டும், போராடுகிறவருக்கும் உறக்கம் தேவை. ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தப் பயிற்சியை எளிய தமிழில் வாரம் ஒருமுறை தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியிட வேண்டுகிறேன். தோட்டப்புற ஆலய நிர்வாகத்தினர், வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் பத்து நிமிடம் மண்டபத்தை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும். கடிதம் எழுதிய அன்பர் இப்பக்கம் வந்தால் அவரையும் வரவேற்கிறோம்.

எங்கள் தாமான் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நால்வராகத் தொடங்கி இப்போது ஒன்பது பேர் அமர்கிறோம். என் கணவரின் உறவினர் ஒருவருக்கு அந்தச் சொற்களைச் சொல்ல என் நா இன்னும் எழவில்லை, முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். கடந்த வெள்ளியன்று, முன்பு என்னிடம் ஊசி கேட்டு வந்த ஒரு பாட்டி வந்து அமர்ந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரனுக்குச் சொன்னேன் மிஸி, எனக்குச் சொல்லிக்கத்தான் வாய் வரல" என்றார். அடுத்த வெள்ளி இருவரும் சேர்ந்தே சொல்லிப் பார்ப்போம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்