மூடுவது உங்கள் உரிமை, முகவரியை மட்டும் எங்களிடம் விடுங்கள்: பேக்கெண்ட் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மொபைல் ஆப்களுக்கு டேட்டாபேஸ், லாகின், புஷ் நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சேவையை மூடாதீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கட்டுப்படியாகாத சேவையை நிறுத்துவது உங்கள் முடிவு. நான் கேட்பது ஒன்றுதான்: ஆப் தேடிப் போகும் சர்வர் முகவரி யார் கையில் இருக்க வேண்டும்?

பார்ஸ் என்ற பேக்கெண்ட் சேவையின் கதை உங்களுக்குத் தெரியும். 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2016 ஜனவரி 28 அன்று, ஒரு வருடத்தில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அன்றைக்குத் திட்டு வாங்கினாலும், ஒரு சேவையை எப்படி மூட வேண்டும் என்று காட்டியவர்கள் அவர்கள்தான் என்பேன். அறிவித்த அன்றே பார்ஸ் சர்வரை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் ஓடும் எந்த கிளவுடிலும் அதை நிறுவிக்கொள்ளலாம். நகர்த்தும் வரிசையும் கெட்டிக்காரத்தனமானது. முதலில் டேட்டா மட்டும் நம்முடைய மாங்கோடிபி டேட்டாபேஸுக்குப் போகும். ஆப் வழக்கம்போல பார்ஸையே கூப்பிடும், பார்ஸ் நம் டேட்டாபேஸைப் பார்த்துப் பதில் சொல்லும். அது நிலைத்த பிறகு சர்வரை மாற்றலாம். ஏப்ரலுக்குள் டேட்டா, ஜூலைக்குள் சர்வர் என்று தேதி வேறு குறித்துக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டுகள் பிகிரிப்ட் ஹாஷாகவே (திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவிலேயே) கூட வந்ததால், யாரும் புதுப் பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கவில்லை. நேரம் குறித்து ஓடும் பின்னணி வேலைகளை மட்டும் க்ரான் என்ற நேரம் குறிக்கும் கருவியில் நாமே அமைக்க வேண்டியிருந்தது. சரி, அது பெரிய குறையில்லை.

அப்படியும் 2017 ஜனவரி இறுதியில் பார்ஸ் நின்றபோது எத்தனையோ பேரின் போனில் ஆப் செத்துப்போனது. காரணம் முகவரி. ஆப்புக்குள் சேர்க்க அவர்கள் தந்த பழைய எஸ்டிகேக்களில் (நிரல் தொகுப்புகளில்) பார்ஸின் சர்வர் முகவரி உள்ளேயே பதிந்திருந்தது. வேறு சர்வரைக் காட்ட வேண்டுமானால் புது எஸ்டிகே போட்டு, புது வெர்ஷனை ஸ்டோரில் ஏற்றி, ஒவ்வொரு பயனரும் அதை அப்டேட் செய்ய வேண்டும். இங்கேதான் உங்கள் ஒரு வருடக் கணக்கு உதைக்கிறது. அந்த ஒரு வருடம் டெவலப்பருக்குப் போதும். போனில் இடமில்லாமல் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவருக்கு உங்கள் அறிவிப்பு போய்ச் சேரவே சேராது. டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்து எதையும் இறக்காதவர், புது வெர்ஷனை ஏற்காத பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் கதையும் அதேதான். அவரைப் பொறுத்தவரை ஒருநாள் ஆப் திறக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒற்றை நட்சத்திர ரிவ்யூ எங்களுக்குத்தான் வரும், உங்களுக்கு வராது.

அந்த ஆப்கள் முதல் நாளிலிருந்தே டெவலப்பரின் சொந்த டொமைனைக் கூப்பிட்டிருந்தால், அந்த டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்திருக்கும். கூகுள் தன் பேக்கெண்ட் சேவையான ஃபயர்பேஸில், லிங்க்கிலிருந்து நேரே ஆப்புக்குக் கூட்டிப்போகும் டைனமிக் லிங்க்ஸை 2025 ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தியபோது இதையே மறுபடி பார்த்தோம். கூகுள் தந்த இலவச டொமைனில் இருந்த லிங்க்குகளைக் காப்பாற்ற வழியே இல்லை. போஸ்டரில் க்யூஆராக அச்சடித்ததும் அதோடு போயிற்று. சொந்த டொமைனில் அமைத்தவர்கள் மட்டும் அதை வேறு சர்வருக்குத் திருப்பிவிட முடிந்தது.

ஆகவே, சொந்த டொமைன் வசதியைக் காசு கட்டுபவர்களுக்கான சலுகையாக வைக்காதீர்கள். இலவசத் திட்டத்திலும் கொடுங்கள். மூடும் நாளில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இலவசத் திட்டத்தில் இருக்கும் சின்ன ஆப்காரர்கள்தான். டொமைனின் பாதுகாப்பான இணைப்புக்கு (ஹெச்டிடிபிஎஸ்) வேண்டிய சான்றிதழின் செலவு என்று காரணம் சொல்ல வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாகவே தருகிறது.

முகவரி நம்மிடம் இருந்தாலும், அந்த முகவரியில் நிறுத்த அதே மொழி பேசும் ஒரு சர்வர் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாங்கோடிபி நிறுவனம், போனில் உள்ள டேட்டாவையும் சர்வரில் உள்ளதையும் ஒன்றாக வைத்திருக்கும் தன் டிவைஸ் சிங்க் சேவையை 2024 செப்டம்பரில் கைவிடுவதாகச் சொல்லி, 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. போனுக்குள் இருக்கும் ரெல்ம் டேட்டாபேஸ் ஓப்பன் சோர்ஸ். சிங்க் சர்வர் அப்படியில்லை. பார்ஸ்காரர்களுக்குக் கிடைத்த மாற்று சர்வர் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆப்பில் சிங்க் செய்யும் பகுதியையே திரும்ப எழுத வேண்டியதாயிற்று. மூடும்போதாவது சர்வர் நிரலை வெளியிடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பாஸ்வேர்டு ஹாஷ்களையும், அவை எந்த முறையில் செய்யப்பட்டவை என்ற விவரத்தையும் கேட்டவுடன் தாருங்கள். ஃபயர்பேஸ் இதைத் தருகிறது. மற்றவர்களால் முடியாததற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதில் எதையும் மூடும் வருடத்தில் புதிதாகச் செய்ய முடியாது. அதற்குள் பழைய முகவரியோடு ஆப் லட்சம் போனுக்குப் போயிருக்கும். புது ப்ராஜெக்ட் தொடங்கும் பக்கத்தில் பெயரும் ரீஜனும் கேட்கிறீர்களே, அதற்குக் கீழே "உங்கள் டொமைன் எது?" என்று ஒரு பெட்டியைச் சேருங்கள். அடுத்த வெளியீட்டிலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு ஆப் டெவலப்பர்