எல்.எல்.பி. பற்றி நண்பனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை.

சரி, பனியன் கம்பெனியை எல்.எல்.பி. (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், அதாவது பொறுப்புக்கு எல்லை உள்ள கூட்டுத் தொழில்) ஆக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆக்கிவிடு. நீயும் உன் மச்சானும் இப்போது நடத்துவது 1932-ஆம் வருடச் சட்டப்படியான பார்ட்னர்ஷிப். அதில் கம்பெனிக் கடன் முழுக்க உங்கள் சொந்தக் கடன். டையிங்காரருக்குப் பாக்கி நின்றால் உன் வீடு வரைக்கும் வரலாம். மச்சான் உன்னிடம் சொல்லாமல் தொழிலுக்காக வாங்கிய சரக்குக்கும் நீ பொறுப்பு.

2009-இல் நடைமுறைக்கு வந்த எல்.எல்.பி. சட்டத்தில், சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி தனி ஆள். கடன் அதனுடையது, மோசடி எதுவும் இல்லாதவரை, போட்ட முதலோடு உங்கள் நஷ்டம் நிற்கும். உதாரணத்துக்கு, லண்டனில் பூட்ஸ் செய்து விற்ற ஆரோன் சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக்கி, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு மீதி 20,001 பங்கையும் தானே வைத்திருந்தார். கம்பெனி நொடித்ததும் கடனை அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். 'கம்பெனி வேறு, சாலமன் வேறு' என்று 1896-இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நம் ஊர்க் கோர்ட்டுகளிலும் அந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் பேங்க் விஷயம் வேறு. சி.சி. (கேஷ் கிரெடிட், தொழில் நடத்த வேண்டியபோது எடுத்துக்கொள்ளும்) கடன் கொடுக்கும்போது பார்ட்னர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்கு எல்.எல்.பி. உன்னைக் காப்பாற்றாது. முதலில் கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும் என்றுகூட நீ கேட்க முடியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. கட்டுக்கட்டாகக் காகிதத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நீ.

இன்னொன்று, மாற்றுவதற்கு முன்பு வாங்கிய கடனுக்கு நீங்கள் இருவரும் தொடர்ந்து பொறுப்புதான். அதனால் நூல் பாக்கியை முதலில் தீர்த்துவிடு.

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். வெளியாள் யாராவது முதலீட்டோடு பங்கு கேட்டு வந்தால் அப்போது யோசிக்கலாம். எல்.எல்.பி.க்கு வருடா வருடம் மே 30-க்குள் ஃபார்ம் 11 (ஆண்டறிக்கை), அக்டோபர் 30-க்குள் ஃபார்ம் 8 (கணக்கு விவரம்) அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் நடக்காத வருடமும் போட்டாக வேண்டும், தவறினால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டும் உண்டு.

பேங்க் கொடுத்த சாங்ஷன் லெட்டரின் (கடன் அனுமதிக் கடிதத்தின்) நகலை அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு, உனக்கும் மச்சானுக்கும் நடுவில் என்ன ஒப்பந்தம் எழுதலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
சேகர்