கடைசி வாங்கில் தூங்கும் பையன்

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. 7ஆம் தரத்தில் 54 பிள்ளைகள், அதே மண்டபத்தில் 8ஆம் தரம், நடுவில் ஒரு தட்டிகூட இல்லை, தொண்டை கட்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கப் பக்கத்தில் இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். தகரக் கூரையில் மழை இரைந்தால் கத்தாதே அம்மா. கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, வாங்கு வாங்காகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் பார். யாருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பதை நான் மழை நாட்களில்தான் கண்டுபிடித்தேன்.

கடைசி வாங்கில் தூங்குகிறான் என்று நீ எழுதிய அந்தப் பையனைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன், என் வகுப்பில் ஒரு பையன் கொப்பி இல்லாமல் வந்தான். மூன்று நாள் அவனை வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் அவன் வரவில்லை. வரவு இடாப்பில் இரண்டு வாரம் அவன் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அவன் வீடு இருந்த வரிசை வீடுகளுக்குப் போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏழு பேர். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் அவன் கொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகி நனைந்ததைக் காயப்போட்டிருக்கிறார்கள். மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புகையில் பழுத்திருந்தது. பையன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு வயது 13.

நான் ஒரு வாரம் முன்னதாகப் போயிருக்க வேண்டும்.

1977இல் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, பத்து வயதில், உன் தாத்தா பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு வேலைக்குப் போனார். ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் வரவில்லை. கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இந்த வாரமே அந்தப் பையனின் வீட்டுக்குப் போ. கொழுந்து நிறுத்து முடிந்து தாய் வீடு திரும்பிய பிறகு போ. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள், உனக்குத் தெரியும். தாயிடம் அதைச் சொல்லி மிரட்டாதே. கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருவார்களே என்ற கவலையோடு நாள் முழுக்க மலையில் நின்றவள் அவள். இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறான், காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவது யார், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள். அவன் ஏன் தூங்குகிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தெரியும் வரை வகுப்பில் அவனை எழுப்பி நிற்க வைக்காதே.

ஐம்பத்து நான்கு வீட்டுக்கும் போக உன்னால் முடியாது. தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளை யாராக இருந்தாலும் மூன்றாம் நாள் போய்விடு.

இடமாற்றம் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். தடுக்கமாட்டேன். இந்த வருடம் முடியும் வரையாவது இரு.

பஸ்ஸில் ஒரு பொதி அனுப்புகிறேன். கொத்தமல்லியும் டோர்ச்சும் உனக்கு, இருபது கொப்பிகள் பிள்ளைகளுக்கு.

அந்தப் பையனின் பெயரை நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா