செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் சென்னை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்திலிருந்தும் செங்கல்பட்டு சிறப்பு இல்லத்திலிருந்தும் வீடு திரும்பிய ஒன்பது பையன்களை இந்த ஆண்டு நம் சங்கம் கவனித்து வந்தது. யார் பெயரும் இங்கே வராது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அதற்கு இடம் தராது. சென்ற ஆண்டு நம் பலகையில் அவர்கள் படத்தை ஒட்டியது தவறு. எடுத்துவிட்டோம்.

கார்த்திகை முதல் தேதி ஒரு பையன் மாலை போட்டான். வீடு திரும்பியதிலிருந்து அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத அம்மா, அன்று காலை "சாமி, காபி ஆறுது" என்றார். தெருமுனையில் வழக்கமாக அவன் பாக்கெட்டைத் தடவும் காவலரும் "போங்க சாமி" என்று விட்டுவிட்டார். 41 நாளும் பழைய கூட்டாளிகள் தாங்களாகவே ஒதுங்கி நின்றார்கள். மலையிறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள் அவன் மறுபடி "டேய்" ஆனான். மூன்றாம் வாரம் பழைய இடத்திலேயே பார்த்தோம். குருசாமிதான் போய்ப் பேசி, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டார்.

இன்னொருவன் ரமலான் முழுக்க நோன்பு பிடித்தான். விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப ஆள் இருக்கிற வீட்டில், ராத்திரி பையன் எங்கே என்று கேட்கவும் ஆள் இருக்கிறது.

ஞாயிறு தியான வகுப்பு எடுபடவில்லை. சுண்டல் தீர்ந்ததும் கூட்டம் கலைந்துவிடும், ஆடி மாதத்தோடு நிறுத்திவிட்டோம். அதற்குத் தவறாமல் வந்த பையன்தான் செல்போன் பறிப்பில் மறுபடி உள்ளே போனான். அப்பா இல்லை, அம்மாவுக்கு இரவு வேலை. நாம் அவனை வகுப்புக்குக் கூப்பிட்டோமே தவிர, ஒரு நாள்கூட அவன் வீட்டுப் படி ஏறவில்லை. இதில் என் பங்கு அதிகம்.

பெற்றோர் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் பையனை நன்னடத்தையின் பேரில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்ட தகப்பன் அன்று ராத்திரியிலிருந்து என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனவே வரும் ஆண்டு வகுப்பு கிடையாது; வாரம் ஒருமுறை இரண்டு உறுப்பினர்கள் வீடு தேடிப் போவதாகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

"மாலை கழற்றினாலும் சாமின்னே கூப்பிடுங்களேன்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டார். ஆனால் இப்போதெல்லாம் அவன் வராமல் அவர் சோற்றுப் பானையைத் திறப்பதில்லையாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செவ்வாய், வியாழன் மாலைகளில் வீடுகளுக்குப் போக ஆள் போதவில்லை; முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்