தையல்கார அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

தேறிவிட்டேன். சுவாஹிலி வாய்மொழித் தேர்வின் முடிவு நேற்று சாயங்காலம் வந்தது. அடுத்த வாரம் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பான பீஸ் கோரில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, கணக்கு சொல்லித்தரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறேன். நடுவில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஊர் திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்த அந்த நாட்களைப் பற்றி மறுபடி எழுதத் தெம்பில்லை.

முதல் நன்றி, இதைப் படிக்கவே போகாத ஒருவருக்கு. எதிர்க்கடை வராந்தாவில் கால்மிதி மிஷின் போட்டுத் தைக்கும் அக்காவுக்கு.

தான்சானியாவில், நான் பயிற்சி பெற்ற மொரோகோரோ பக்கத்தில், என்னிடம் பேசிய அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் சிக்கலே. 1961-ல் பீஸ் கோர் தொடங்கிய அதே வருஷம் முதல் அணிகளில் ஒன்று வந்து இறங்கிய நாடு இது. திக்கித் திணறும் தன்னார்வலர்களை நிறையவே பார்த்துவிட்டார்கள். நான் பாதியில் தடுமாறினால் மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். படித்தவர்கள் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். சுவாஹிலியிலோ பெயர்ச்சொல் எந்த வகையோ அதற்குத் தக்கபடி கூட வரும் சொற்களுக்கெல்லாம் தலை மாறும், வினைச்சொல் உட்பட. ஒரு துணி என்றால் 'கி', பல துணிகள் என்றால் 'வி'. நாம் கடைசியில் ஒட்டுவதை இவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். வாயைத் திறக்கும் முன்பே பாதிக் கணக்கைப் போட்டு முடித்திருக்க வேண்டும். எனக்கு அதற்கு நேரம் பிடித்தது.

அந்த நேரத்தைக் கொடுத்தவர் அக்கா. பொத்தான் தைக்கப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்தேன், வழக்கம்போல நடுவில் நின்றது. அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மிஷினை நிறுத்தினார். சொல் எடுத்துக் கொடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை, என் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். நான் ஒருவழியாக முடித்ததும் பதில் சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். அப்புறம் தினமும் சாயங்காலம் எனக்கு அங்கேதான் வாசம்.

ஜனவரியில் பள்ளி திறக்கிறது. வெள்ளைச் சட்டையும் கருநீல டவுசரும் பாவாடையும் மேஜை மேல் குவிந்து கிடந்தன. உருப்படிக்குத்தான் காசு, மிஷின் நின்றால் அவருக்கு நஷ்டம். அப்படியும் நிறுத்தினார். சீருடை வாங்க வந்த ஓர் அம்மா எனக்காக வாக்கியத்தை முடிக்கப் பார்த்தபோது, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே கையைத் தூக்கித் தடுத்தார். மணி சொல்லப் பழகியதும் அங்கேதான். காலை ஏழு மணியை இங்கே ஒரு மணி என்பார்கள். 'பத்து மணிக்கு வா' என்றால் மாலை நான்கு. நம் நாழிகைக் கணக்கும் உதயத்தில் தொடங்குவதுதானே, அது சீக்கிரம் பிடிபட்டது. கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுக்கப் பார்த்தேன். பொத்தானுக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீட்டாருக்கும், பொறுமையான மொழி ஆசிரியர்களுக்கும், கூடப் பயிற்சி பெற்றவர்களுக்கும், டார் எஸ் சலாமிலிருந்து ரசப்பொடி அனுப்பிய குடும்பத்துக்கும், தினமும் போனில் பேசியும் "வந்துடுறியா?" என்று ஒரு தடவைகூடக் கேட்காத அம்மாவுக்கும் நன்றி.

நான் கணக்கு சொல்லித்தரப் போகும் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் ஏழு வருஷம் சுவாஹிலியில் படித்துவிட்டு வருகிறவர்கள். உயர்நிலைப் பள்ளியில் நுழைந்ததுமே பாடமெல்லாம் இங்கிலீஷ். விடை தெரிந்தும் சொல்ல வராமல் நிற்பார்கள். பாடத்தை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கினால் என் பொறுமை எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. இருந்தாலும் அந்தப் பிள்ளை பேசி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன். மறந்தால் யாராவது இந்தக் கடிதத்தை எனக்கே திருப்பி அனுப்புங்கள்.

பள்ளி முகவரி கிடைத்ததும் தெரிவிக்கிறேன். ரசப்பொடி இன்னும் இருக்கிறது, ஊறுகாய் மட்டும் அனுப்பினால் போதும்.