ஆற்றுத் திட்டத்தில் நமக்கென்ன வேலை?

ஃபிரெஸ்னோ
பிப்ரவரி, 2013

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சின்னவன் ஜிம் சுவரில் கயிறு கட்டித் தொங்கும் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறாள். "இடுப்புல கட்டினது அவுந்துடாதில்ல?" என்று தினமும் கேட்கிறாள். என் தோள்பட்டை பரவாயில்லை, ஏப்ரலில் மெதுவாக ஏற ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ கடைசிப் பத்தியில் கேட்டதற்குத்தான் இந்த நீளக் கடிதம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஓடும் மெர்செட் ஆற்றையும் கரையையும் பராமரிக்கப் பூங்கா போட்டிருக்கும் ஆற்றுத் திட்டத்துக்குக் கருத்து எழுது என்று உன்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். படகு விடுகிறவர்கள் எழுதட்டும், பாறை ஏறுகிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இரண்டு வருஷம் முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு என்றவுடன் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை, தேவகி. ஆறுகளை அணையில்லாமல் அவற்றின் இயல்பிலேயே விட்டுவைக்க 1968இல் ஒரு சட்டம் வந்தது. 1987இல் மெர்செட்டை அதில் சேர்த்தார்கள். யோசெமிட்டிக்குள் மட்டும் 81 மைல். கூடவே இரண்டு கரையிலும் சுமார் கால் மைல் நிலமும் சேர்த்தி. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அகலமே அதிகம் போனால் ஒரு மைல்தானே! நாம் கார் நிறுத்தும் இடம், கூடாரம் போடும் இடம், குளிக்கும் இடம், எல் கேப்பிட்டன் பாறையைப் பார்த்தபடி மல்லாந்து படுக்கும் புல்வெளி, இவற்றின் தலையெழுத்து எல்லாம் அந்தத் திட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் நமக்கு மிஞ்சுவது செங்குத்துப் பாறை மட்டும்தான்.

பாறை ஏறுகிறவர்கள் தங்கும் கேம்ப் ஃபோர் முகாமில் நம் முதல் விடியற்காலை ஞாபகம் இருக்கிறதா? நாலு மணிக்கே போய்ப் பதிவுச் சாவடி முன்னால் தூக்கப்பையோடு வரிசையில் படுத்தோம். ஷூ மேலெல்லாம் உறைபனி. பக்கத்தில் படுத்திருந்த போலந்துப் பையன் தன் சின்ன அடுப்பில் காபி போட்டு, ஒரே தகரக் குவளையை நம் இருவரிடமும் நீட்டினான். ஒரு இடத்துக்கு ஆறு பேர், யார் எவரென்று தெரியாமலே பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது ஆளுக்கு ஐந்து டாலர். அந்த ஒரு வாரத்தில் நாம் கற்றுக்கொண்ட முடிச்சுகளை எந்த வகுப்பிலும் கற்றிருக்க முடியாது.

அந்த இடமே இல்லாமல் போயிருக்கும் என்று உனக்குத் தெரியுமா? 1997 ஜனவரியில் பனிமேல் வெதுவெதுப்பான மழை கொட்டி, ஆறு பள்ளத்தாக்குக்குள் புகுந்துவிட்டது. லாட்ஜ் குடில்கள், ஊழியர் வீடுகள், ஆற்றோர முகாம்கள் எல்லாம் சேதம். இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளத்தாக்கை மூடிவைத்திருந்தார்கள். திரும்பக் கட்டும்போது வெள்ளம் ஏறாத மேட்டில் கட்டலாம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர்கள் கைகாட்டிய மேடு கேம்ப் ஃபோரை ஒட்டிய நிலம். அதிகாரிகளின் வரைபடத்தில் அது புழுதி படிந்த ஒரு கூடார மைதானம், அவ்வளவுதான். 1958இல் எல் கேப்பிட்டனின் நோஸ் வழியை முதலில் ஏறி முடித்தவர்கள் முதல் ஒரு தலைமுறையே அங்கிருந்துதான் கிளம்பியது என்று வரைபடத்துக்கு எப்படித் தெரியும்?

டாம் ஃபிராஸ்ட் சும்மா இருக்கவில்லை. 1961இல் எல் கேப்பிட்டனின் சலாத்தே சுவரை முதன்முதலில் ஏறிய மூவரில் ஒருவர் அவர். வயதான காலத்தில் வழக்குப் போட்டார், மலையேறிகளின் சங்கமான அமெரிக்கன் ஆல்பைன் கிளப்பும் கூடச் சேர்ந்தது. கட்டடத் திட்டம் நின்றது. 2003இல் கேம்ப் ஃபோர் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது. 'நாம் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்' என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். பழைய ஆற்றுத் திட்டத்தை நீதிமன்றம் 2003இலும் 2008இலும் ஏற்கவில்லை. ஆறு தாங்கக்கூடிய கூட்டம் எவ்வளவு என்று பூங்கா சரியாகச் சொல்லவில்லை என்பது அதில் முக்கியமான குறை. அதனால் இந்தத் தடவை நாளைக்கு எத்தனை பேர் என்பதுவரை வரைவில் எழுதியிருக்கிறார்கள். திட்டத்துக்கு மொத்தம் ஆறு விதமான மாற்று வடிவங்கள். முதலாவது, இருப்பது இருந்தபடி. ஐந்தாவதுதான் தங்கள் விருப்பம் என்கிறார்கள். அதில் கேம்ப் ஃபோருக்குக் கூடுதல் கூடார இடங்கள் உண்டு. படகு, சைக்கிள் வாடகைக் கடைகளும் கறி வில்லேஜ் விடுதிப் பகுதியின் பனிச்சறுக்குத் தளமும் போகும். நான் போன விளக்கக் கூட்டத்தில் குதிரைக்காரர்கள் இருந்தார்கள், சைக்கிள்காரர்கள் இருந்தார்கள், சின்ன வயதில் அந்தத் தளத்தில் சறுக்கியதைச் சொல்லிக் கண்கலங்கிய ஒரு பாட்டியும் இருந்தார். பாறை ஏறுகிறவர்கள் என்று கையைத் தூக்கியது என்னையும் சேர்த்து மூன்றே பேர். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது, மற்றவர்களெல்லாம் சுவரில் இருந்திருப்பார்கள். நமக்கு எப்போதும் இதுதான் நடக்கிறது.

நாம் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன. பகலில் வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுகிறார்கள், நல்லது. ஆனால் நான்கு நாள் சுவரிலேயே தூங்குகிற ஜோடியின் கார் எங்கே நிற்கும்? அவர்கள் பகல் விருந்தாளியா, இரவு விருந்தாளியா? முகாமில் இடம் பிடித்தவர்களும் இல்லை, அறை எடுத்தவர்களும் இல்லை. மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு இப்படி ஒரு ஜாதி இருப்பதே தோன்றாது. நாம் சொல்லாவிட்டால் அந்தக் காருக்கு இடமே இருக்காது.

அப்புறம் எல் கேப் புல்வெளி. இதைச் சொல்லத்தான் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போன அக்டோபரில் அங்கே குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே நாலாபுறமும் ஒற்றையடித் தடங்கள். தடத்துக்குள் மண் களிமண் தரைபோல இறுகிக் கிடக்கிறது, விரல் இறங்கவில்லை. ஒரு சாண் தள்ளி அதே மண் கைக்குள் உதிர்கிறது. 1879இல் அதற்குப் பக்கத்தில் பனியாறு விட்டுப்போன கற்கரையை வெடிவைத்துத் தகர்த்து, ஆற்றை நான்கைந்து அடி இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்தே அந்தப் புல்வெளி காய்ந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் நம் கால்களும். பைனாகுலரோடு படுத்து, இரவில் சுவரில் மினுக்கும் தலைவிளக்குகளை எண்ணினோமே, அந்தத் தடங்களில் உன்னுடையதும் என்னுடையதும் இருக்கிறது.

அதனால் நம் கடிதம் 'எங்கள் முகாமைத் தொடாதே' என்பதோடு நிற்கக் கூடாது என்று நினைக்கிறேன். தடங்களை மூடுங்கள், வேலி போடுங்கள், நாங்கள் சம்மதிக்கிறோம். பதிலுக்குப் பாறையடிக்குப் போக ஒரே ஒரு உறுதியான பாதையைக் குறித்துக் கொடுங்கள், பார்வையாளர்கள் நிற்கப் பலகைத்தளம் போடுங்கள். இப்படி எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். வெறும் கோபத்தை வைத்து அவர்கள் என்ன செய்வது?

எழுதும்போது ஒன்றைக் கவனி. இது ஓட்டெடுப்பு இல்லை. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் ஒரு கருத்தாகத்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருத்தி தன் அனுபவத்திலிருந்து, இந்தப் பக்கத்தில் சொல்வது இந்த இடத்துக்குப் பொருந்தாது, காரணம் இது, இப்படி மாற்றலாம் என்று எழுதினால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், சட்டம் அப்படி. வரைவு முழுவதையும் படிக்க முயலாதே, மலைத்துப்போய்விடுவாய். ஐந்தாவது மாற்றில் கேம்ப் ஃபோர், எல் கேப் புல்வெளி, வாகன நிறுத்தம், இந்த மூன்றை மட்டும் படி. நீ போர்ட்லேண்டில் இருப்பதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஏப்ரல் நடுவரை நேரம் இருக்கிறது, ஆனால் மார்ச்சிலேயே முடித்துவிடலாம்.

நான் எழுதியிருப்பதை இதோடு வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். கார் நிறுத்தும் பகுதி எனக்கே திருப்தியாக வரவில்லை. நீ 2009இல் ஐந்து நாள் சுவரில் இருந்துவிட்டு இறங்கி வந்தபோது காரில் அபராதச் சீட்டு இருந்ததே, அதைத் தேதியோடு, எங்கே நிறுத்தியிருந்தாய் என்பதோடு நீயே எழுது. நான் சொன்னால் கேள்விப்பட்ட கதையாகிவிடும்.

அம்மா உன்னைக் கேட்டாள். நீ வருவதாக இருந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துவைப்பாளாம்.

உன்
வசந்தி